வளைகுடா வெயிலில் நரம்பும் ஹார்மோனும்: பாஸ்ரா முதல் தோஹா வரை

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12:30 முதல் 3 மணி வரை யாரையும் நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. 2005-இல் தொடங்கிய இந்த நண்பகல் ஓய்வு விதி அங்கே கட்டட வேலைக்குப் போய் வந்த தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். கத்தார் 2021-இல் இன்னும் கடுமையான விதி கொண்டுவந்தது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3:30 வரை வெளிவேலைக்குத் தடை; அதோடு வெயில், காற்று, ஈரப்பதம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தியாக வேண்டும்.

இந்த விதிகளுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட உடலியல் ஆராய்ச்சி இருக்கிறது. அந்த ஆராய்ச்சியில் பாதியைத்தான் சட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வெயிலில் நிற்கும் உடல் இரண்டு வழிகளில் தன்னைக் காத்துக்கொள்கிறது. நரம்பு வழியாக வரும் ஆணை ஓரிரு நிமிடங்களுக்குள் வியர்வையைச் சுரக்க வைக்கிறது. ரத்தத்தில் கலந்து வரும் ஹார்மோன் அந்த வியர்வையில் எவ்வளவு உப்பு போகலாம், சிறுநீரில் எவ்வளவு நீர் போகலாம் என்பதை மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் தீர்மானிக்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகள் என்ற தெளிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதில் ஒரு முக்கியமான பகுதி வளைகுடாப் பகுதியிலேயே, போர்ப்படை மருத்துவமனைகளிலும் ஹஜ் முகாம்களிலும் ஒட்டகக் கொட்டில்களிலும் உருவானது.

நரம்பை அறுத்துப் பார்த்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடலியலாளர்கள் உடலில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நரம்பையே காரணம் காட்டினார்கள். அதற்கு நல்ல சான்றும் இருந்தது. 1876-இல் லுக்சிங்கர் பூனையின் காலுக்குப் போகும் பெரிய நரம்பை மின்சாரத்தால் தூண்டினார். ரத்த ஓட்டம் நின்றுபோன காலிலும் பாதத்தில் வியர்வை அரும்பியது. ரத்தம் வராத இடத்தில் ரத்தம் கொண்டுவரும் பொருளுக்கு வேலையில்லை. ஆகவே வியர்வை நரம்பின் வேலைதான்.

கணையத்தில் அந்த முடிவு செல்லவில்லை. 1902 ஜனவரியில் லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் நாயின் சிறுகுடலில் ஒரு வளைவுக்குப் போகும் நரம்புகள் அத்தனையையும் அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தை விட்டார்கள். நரம்புத் தொடர்பு அறவே இல்லாத நிலையிலும் கணையம் சுரந்தது. குடலின் உட்சவ்வை அரைத்துப் பிழிந்து ரத்தக்குழாயில் ஏற்றினார்கள், அப்போதும் சுரந்தது. செக்ரெட்டின் என்று அவர்கள் பெயரிட்ட அந்தப் பொருள் ரத்தத்தின் வழியாகவே செய்தியைக் கொண்டுபோயிருந்தது. 1905-இல் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பொதுப்பெயரைக் கொடுத்தார். செரிமானம் முழுவதையும் நரம்பின் கணக்கில் எழுதி 1904-இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவ், தம் ஆய்வகத்திலேயே அந்தச் சோதனையைச் செய்துபார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார்.

நரம்பை அறுத்தால் நின்றுபோவது ஒரு வகை, அறுத்தும் நடப்பது இன்னொரு வகை என்ற இந்த எளிய சோதனை பாடநூல்களில் இன்றும் நிற்கிறது. ஆனால் அது முழு உண்மை இல்லை என்பதும் விரைவில் தெரிந்தது. 1921-இல் ஓட்டோ லோவி தவளை இதயத்தில் காட்டியபடி, நரம்பும் தன் முனையில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டுத்தான் பேசுகிறது. வியர்வை நரம்பின் வேதிப்பொருள் எது என்பதை 1934-இல் ஹென்றி டேலும், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டன் வந்திருந்த வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க்கும் கண்டுபிடித்தார்கள். பரிவு நரம்புகளின் முனையில் பொதுவாக வெளிப்படுவது நார்அட்ரினலின் வகை. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் பரிவு நரம்பு மட்டும் அசிட்டைல்கோலினைப் பயன்படுத்துகிறது.

இந்த விதிவிலக்கைத் தேர்வுக்குப் படித்து மறந்துவிடுகிறோம்; வளைகுடாவில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சளிக்கும் அரிப்புக்கும் விழுங்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர்ப்பை இறுக்கத்துக்கான சில மாத்திரைகள், அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஆகியவை அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பவை. மூளை ஆணையிடுகிறது, நரம்பு கொண்டுவருகிறது, சுரப்பிக்கு மட்டும் அது எட்டுவதில்லை. மூக்கொழுகலுக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஆகஸ்ட் மாதத்தில் சாரம் ஏறுகிறவருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

ஆகவே வேறுபாடு வேதிப்பொருள் உண்டா இல்லையா என்பதில் இல்லை. தூரம், முகவரி, நேரம் ஆகிய மூன்றில் இருக்கிறது. அசிட்டைல்கோலின் மிக நுண்ணிய ஓர் இடைவெளியைக் கடந்து, ஒரு குறிப்பிட்ட சுரப்பியை அடைந்து, வேலை முடிந்ததும் நொதியால் உடைக்கப்பட்டுவிடுகிறது. ஹார்மோன் ரத்தம் போகும் இடமெல்லாம் போகிறது. அதற்கான ஏற்பி இருக்கும் செல் மட்டும் அதற்குச் செவிசாய்க்கிறது. நரம்பின் ஆணை நின்ற சிறிது நேரத்தில் வியர்வை குறைகிறது. ஹார்மோனின் விளைவு, ஹார்மோன் ரத்தத்தை விட்டுப் போன பிறகும் தொடரலாம்.

பாஸ்ராவின் வார்டுகள்

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ்–இந்தியப் படைகள் மெசபடோமியாவில் இறங்கியபோது பாஸ்ரா துறைமுகமே அவற்றின் நுழைவாயில். 1917 ஜூலையின் வெப்ப அலையில் வீரர்கள் துப்பாக்கிச் சூடு இல்லாமலே மடிந்தார்கள். படையின் ஆலோசக மருத்துவராக இருந்த சர் வில்லியம் வில்காக்ஸ் அந்த அனுபவத்தை 1920-இல் எழுதி வெளியிட்டார். கொதிக்கும் உடல், வறண்ட தோல், குழம்பிய அறிவு என்று அவர் கண்ட ஹீட் ஸ்ட்ரோக் நோயாளியை இன்றைய மருத்துவரும் அடையாளம் கண்டுகொள்வார். தண்ணீர் தெளித்து, விசிறி, பனிக்கட்டி வைப்பதே அன்றைய சிகிச்சை. வியர்வை ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை.

கால் நூற்றாண்டு கழித்து, இரண்டாம் உலகப்போரின்போது, அதே பகுதிக்கு லேடல், வாட்டர்லோ, ஹட்சன் என்ற மூவர் ஆராய்ச்சிக்கென்றே அனுப்பப்பட்டார்கள். பின்னாளில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டு ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்ற ஜான் வாட்டர்லோதான் இம்மூவரில் இரண்டாமவர். 1944-இல் லான்செட் இதழில் அவர்கள் வெளியிட்ட பாலைவனத் தட்பவெப்பக் கட்டுரை, வெப்பத்தால் தளர்ந்துபோகும் நோயாளிகளை இரண்டு வகையாகப் பிரித்தது. முதல் வகையினர் உப்பையும் நீரையும் இழந்தவர்கள். இரண்டாம் வகையினர் விசித்திரமானவர்கள்: முகத்தில் வியர்வை கொட்டும், கழுத்துக்குக் கீழே தோல் வறண்டு கிடக்கும், சிறுநீர் தாராளமாகப் போகும். இவர்களில் பலருக்கு அதற்கு முன்பு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்திருந்தது.

எனக்கு இந்த இரண்டாம் வகைதான் மிக முக்கியமாகப் படுகிறது. நரம்பின் ஆணை சரியாகவே வந்துகொண்டிருந்தது; முகத்து வியர்வையே சாட்சி. ஆனால் வாரக்கணக்கில் நனைந்து, அடைத்து, வீங்கிய சுரப்பிகள் அந்த ஆணைக்குப் பதில் சொல்ல முடியாத நிலைக்குப் போய்விட்டன. வெப்பநோய் ஒரு நண்பகலில் நிகழும் விபத்து மட்டும் இல்லை, பல வாரங்களில் சேரும் தேய்மானமும்கூட என்று அன்றே தெரிந்துவிட்டது. வேர்க்குருவை அற்பமாக நினைத்துப் பவுடர் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் வழக்கம் மட்டும் போகவில்லை.

உப்பைப் பிடித்துவைக்கும் சுரப்பி

முதல் வகையினரின் கதை வேறு வழியில் விரிந்தது. 1923-லேயே கென்னத் நெவில் மாஸ், ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்வோருக்கு வரும் தசைப்பிடிப்புக்குக் காரணம் வியர்வையில் உப்பை இழந்துவிட்டு வெறும் தண்ணீரைக் குடிப்பதுதான் என்று காட்டியிருந்தார். உப்புக் கலந்த நீர் கொடுத்ததும் பிடிப்பு விட்டது. ஆனால் ஒரு புதிர் மிஞ்சியது. புதிதாக வந்தவருக்கு வரும் பிடிப்பு பழையவருக்கு ஏன் வருவதில்லை?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் 1940-களில் ராணுவத்துக்காக இதை எடுத்துக்கொண்டார். பசிபிக் தீவுகளின் வெக்கையில் வீரர்கள் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள் என்பதே ராணுவத்தின் கவலை. சூடேற்றிய அறைகளில் தொண்டர்களை நாள்கணக்கில் வேலை செய்யவைத்து, வியர்வையையும் சிறுநீரையும் அளந்தார். முதல் நாள்களில் ஒரு லிட்டர் வியர்வையில் 3 கிராமுக்கு மேல் உப்பு போகலாம். வெயில் பழகியவரிடம் அது 1 கிராம் அளவுக்கு இறங்கிவிடக் கூடும். வியர்வையின் அளவோ குறைவதில்லை, கூடுகிறது. சிறுநீரிலும் உப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அட்ரீனல் சுரப்பியின் புறணியில் சுரப்பதைப் போன்ற ஸ்டீராய்டை ஊசி மூலம் கொடுத்தபோதும் வியர்வையில் இதே மாற்றம் தெரிந்தது. அப்படியானால் உப்பை மீட்டுத் தருவது அட்ரீனலின் ஹார்மோன்தான் என்று கான் முடிவு செய்தார். அந்த ஹார்மோனுக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. 1953-இல் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட், ரெய்ஷ்டைன் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தார்கள், அதுவே ஆல்டோஸ்டீரோன்.

இதற்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. உயர் ரத்த அழுத்தம், தசைத் தளர்ச்சி, பொட்டாசியம் குறைவு ஆகியவற்றோடு 34 வயதுப் பெண் ஒருவர் கானிடம் வந்தார். அவருடைய வியர்வையைச் சோதித்தால், வெயிலே படாதவருக்கு வெயில் பழகியவரின் வியர்வை: உப்பு மிகக் குறைவு. அட்ரீனல் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று கான் ஊகித்தார். அறுவை சிகிச்சையின்போது அட்ரீனலில் கட்டி இருந்தது தெரிந்தது. 1955-இல் அவர் விவரித்த அந்த நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. வெயிலைப் பற்றிய ராணுவ ஆராய்ச்சி ரத்த அழுத்த மருத்துவத்துக்கு ஒரு புதிய கதவைத் திறந்துவிட்டது.

ஆல்டோஸ்டீரோன் செல்லுக்குள் புகுந்து மரபணுக்களை இயக்கி, புதிய புரதங்களை உருவாக்கவைத்து வேலை செய்கிறது. சிறுநீரகத்திலேயே விளைவு தெரிய ஒரு மணி நேரமாவது ஆகும்; வியர்வைச் சுரப்பி முழுதாகப் பழக நாள்கள் ஆகும். வெயில் பழகுவதில் நரம்புக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை: பழகியவருக்கு வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, இதயத்துடிப்பு அடங்குகிறது. இவையெல்லாம் கூடிவர ஒன்று முதல் இரண்டு வாரம் தேவை. வெயிலிலிருந்து விலகினால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் கழன்றும் விடுகிறது. நவம்பர் மழையில் இரண்டு மாத விடுப்புக்கு ஊருக்கு வந்து திரும்புகிறவர், விசா பழையதானாலும் உடலளவில் புது ஆள்.

நரம்பே ஹார்மோன் சுரந்தால்

தாகத்தின் வரலாறு நரம்பு, ஹார்மோன் என்ற பிரிவினையையே குழப்பிவிட்டது. 1928-இல் எர்ன்ஸ்ட் ஷாரர் மீனின் மூளையில் சுரப்பிபோலத் தோன்றும் நரம்பு செல்களைக் கண்டு, இவை ஹார்மோன் சுரக்கின்றன என்றார். பலர் நம்பவில்லை. நரம்பு என்றால் நரம்பு, சுரப்பி என்றால் சுரப்பி என்று பழகிய மனங்களுக்கு அது ஏறவில்லை. 1947-இல் வெர்னி, நாயின் கழுத்துத் தமனியில் செறிந்த உப்புநீரை ஏற்றினால் சிறுநீர் குறைகிறது என்று விளக்கி, ரத்தத்தின் செறிவை அளக்கும் உணர்விகள் மூளைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றார். 1949-இல் வொல்ஃப்காங் பார்க்மன் சாயமேற்றிக் காட்டியதும்தான் வழி கண்ணுக்குத் தெரிந்தது: ஹைபோதலாமஸின் நரம்பு செல்களில் உருவாகும் வாசோப்ரெசின், அதே நரம்பிழைகளின் வழியே இறங்கி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் ரத்தத்துக்குள் விடப்படுகிறது. பிறப்பால் நரம்பின் சரக்கு, பயணத்தால் ஹார்மோன். ரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஏறினாலே அது வெளிப்பட்டுச் சிறுநீரகத்தை நீரை மீட்கச் சொல்கிறது. தளத்தில் வேலை செய்பவரின் சிறுநீர் அடர்மஞ்சளாகத் தெரிந்தால் அதன் பொருள் இதுதான்.

அமீரகத்தின் பங்களிப்பு இங்கே வருகிறது. ஒட்டகத்தின் உடல்வெப்பம் நீர் கிடைக்காத நாள்களில் 34 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்குகிறது என்றும், அதனால் வியர்வைச் செலவு மிச்சமாகிறது என்றும் ஷ்மிட்–நீல்சன் 1953–54-இல் அல்ஜீரியப் பாலைவனத்தில் காட்டியிருந்தார். நரம்பின் வேலையை ஒட்டகம் எப்படித் தள்ளிப்போடுகிறது என்பதற்கு அது விடை. ஹார்மோன் பக்கத்தை அல் ஐனிலுள்ள ஐக்கிய அரபு அமீரகப் பல்கலைக்கழகத்தின் அப்து ஆதமும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் டேவிட் மர்ஃபியும் தங்கள் குழுவினரோடு எடுத்துக்கொண்டார்கள். 20 நாள் நீரின்றி இருந்த ஒட்டகங்களின் சிறுநீரகத்தில் எந்த மரபணுக்கள், புரதங்கள் மாறுகின்றன என்று பட்டியலிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். செல் சவ்வில் கொலஸ்ட்ராலின் அளவு குறைவது நீர் மீட்புக்கு உதவுகிறது என்பது அவர்கள் கண்டது. அடுத்த ஆண்டு, வாசோப்ரெசினைத் தயாரிக்கும் ஹைபோதலாமஸ் பகுதியே நீரிழப்பில் எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று காட்டினார்கள். ஒட்டகத்தின் தாக்குப்பிடிப்பைத் திமிலின் மகிமையாகச் சொல்லிக்கொண்டிருந்த நமக்கு, அது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலான பேச்சு என்று இந்த ஆய்வுகள் சொல்கின்றன.

மக்காவின் ஈரப் படுக்கை

நரம்பின் விரைவை மருத்துவமாக்க முயன்றது ஹஜ். குவைத்தில் பணியாற்றிய முஸ்தஃபா கோகலியும் லண்டன் உடலியலாளர் ஜோசஃப் வைனரும் 1980-இல் லான்செட்டில் விவரித்த குளிர்விப்புப் படுக்கை, மக்கா என்ற பெயரோடே மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. இந்த வைனர் இளவயதில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வெப்பத்தை ஆராய்ந்தவர். 1953-இல் பில்ட்டவுன் மனிதன் என்ற தொல்லியல் மோசடியை அம்பலப்படுத்தியவர்களில் ஒருவரும் இவரே.

அவர்களுடைய வாதம் முழுக்க நரம்பைச் சார்ந்தது. கொதிக்கும் நோயாளியைப் பனிநீரில் போட்டால் தோலின் குளிர் உணர்விகள் நொடிகளில் செய்தி அனுப்பும். தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், நடுக்கம் எடுக்கும், உள்ளே வெப்பம் தங்கிவிடும். ஆகவே 15 டிகிரி நீரை மென்தூறலாகத் தெளித்து, 45 டிகிரி சூடான காற்றை வீசி, தோலை 32–33 டிகிரியிலேயே வைத்திருந்தார்கள். நரம்புக்குத் தெரியாமல் உடல் குளிர்ந்தது. பிந்தைய ஆய்வுகள் இந்த வாதத்தைச் சற்றுத் தளர்த்தியிருக்கின்றன: உழைப்பால் வெப்பம் ஏறிய இளைஞர்களுக்குக் குளிர்நீரில் அமிழ்த்துவதே விரைவானது, குழாய் சுருங்கினாலும் நீர் இழுக்கும் வெப்பம் அதிகம். முதிய ஹஜ் பயணிகளுக்கு மக்கா முறை பொருத்தமானதே. ஆனால் எந்தச் சிகிச்சையும் எண்ணிக்கைக்கு முன்னால் திணறும். 2024 ஜூனில் மக்காவில் வெப்பநிலை 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது.

விதி எழுதாத வாரம்

கட்டடத் தொழிலாளர்களின் உடலை நேரில் அளந்த ஆய்வுகள் அமீரகத்தில் முன்பே வந்துவிட்டன. 2008-இல் பேட்ஸ், ஷ்னைடர் இருவரும், நீர் தடையின்றிக் கிடைத்து, தம் வேகத்தில் வேலை செய்யவும் விட்டால் தொழிலாளர் அந்த வெயிலையும் தாங்குகிறார்கள் என்று எழுதினார்கள். தம் வேகத்தில் என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றும் நாளில் அது போர்மேன் கையில் இருக்கிறது. 2019 கோடையில் கத்தாரில் கிரேக்கத்தின் தெஸ்ஸலி பல்கலைக்கழக ஆய்வகம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக நடத்திய ஆய்வு அந்நாட்டின் 2021 விதிக்கு வழிவகுத்தது.

மெதுவான சேதத்தின் தடயங்களும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. கத்தாரிலிருந்த நேபாளத் தொழிலாளர்களின் இதயநோய் மரணங்கள் வெப்பமான மாதங்களில் கூடியதை 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. வளைகுடாவிலிருந்து சிறுநீரகம் கெட்டுத் திரும்பும் இளைஞர்களைப் பற்றி நேபாள மருத்துவர்கள் சொல்லி வருகிறார்கள். தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்து, வெப்பத்துக்கும் சிறுநீரகச் செயல்குறைவுக்கும் உள்ள தொடர்பை எழுதியிருக்கிறது. எலிகளில் திரும்பத் திரும்ப நீரிழப்பை உண்டாக்கிய சோதனைகள், ஓயாமல் சுரக்கும் வாசோப்ரெசினே சிறுநீரகத்துக்குத் தீங்காகலாம் என்கின்றன. காக்க வந்த ஹார்மோன் நாள்தோறும் மாதக்கணக்கில் அழைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதே கேள்வி. பூச்சிக்கொல்லி முதலிய வேறு காரணங்களைச் சொல்வோரும் உண்டு. மனிதரில் வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்தப் பின்னணியில் சட்டங்களைப் படித்தால் குறை தெரிகிறது. நண்பகல் ஓய்வும் 32.1 டிகிரி வரம்பும் நரம்பு திணறும் நேரத்தைச் சரியாகப் பிடித்திருக்கின்றன. ஆனால் இந்த வரம்புகளில் நேற்று விமானத்தில் இறங்கியவர், பத்தாண்டு அனுபவம் உள்ளவர் என்ற வேறுபாடு இல்லை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு அமைப்புகள் இதை எண்களாகவே எழுதி வைத்திருக்கின்றன: புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெப்பவேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது; விடுப்பு முடிந்து வரும் அனுபவசாலிக்கு முதல் நாள் 50 சதவீதம். திறந்தவெளி வெப்ப மரணங்களில் பாதிக்கு மேல் வேலையின் முதல் சில நாள்களில் நேர்வதாக அவை கணக்கிட்டதே இதற்குக் காரணம். அங்கேயும் இது பரிந்துரைதான். வளைகுடா நாடுகள் இதைக் கட்டாய விதியாக்கலாம். தொழிலாளர் எந்தத் தேதியில் உள்ளே வந்தார், எந்தத் தேதியில் விடுப்பு முடிந்து திரும்பினார் என்பதை துல்லியமாகப் பதிவுசெய்யும் குடியேற்றத் துறைகள் அவற்றிடம் உண்டு.

அதுவரை தொழிலாளரும் குடும்பத்தாரும் செய்யக்கூடியது சில உண்டு. திரும்பும் பயணத்தைக் கோடையின் உச்சத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் பத்து நாள் ஓவர்டைம் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ அலர்ஜிக்கோ மாத்திரை எழுதும் மருத்துவரிடம், வெயிலில் வேலை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.